எடைக்குப் போடும் முன் அந்தக் கணினியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய செயலி என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் நன்றாக ஓடுகிற கணினிகள் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறுகின்றன. உள்ளே பத்து வருஷக் குடும்பப் படங்கள் இருப்பதைக்கூட யாரும் பார்ப்பதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் மச்சில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, அதற்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸின் 'பாஸ்' வகையும் கூடவே வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்த வீடுகள் குறைவு.

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, வீட்டிலுள்ள டிவி, செல்போன், மற்றக் கணினிகள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்கும்படி செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். மென்பொருளுக்குக் காசு கிடையாது. செய்தவர்கள் பாதியில் கைவிடுவதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் லினக்ஸ் அல்ல: நாலு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த, அதாவது முனையில் அழுத்திப் பொருத்திய, கேபிள், தனி அடாப்டரில் ஓடும் டிஸ்க், அனுமதி சரியில்லாத ஃபோல்டர், ஐப்பசி இடி. இவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது, பெரிய எழுத்து என்று குறிப்பிட்ட இடங்கள் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் இயந்திரம். 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம் இருந்தால் போதும். 32 பிட் மட்டும் உள்ள பழைய குட்டி லேப்டாப்களை விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் நிறுவ முடியாது. டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா என்றால் மின்கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். சும்மா இருக்கும்போது 45 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவு பகல் ஓடினால் ஒரு நாளைக்கு 1.08 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் சுமார் 65 யூனிட். திரையை அணைத்த லேப்டாப் 12 வாட் என்று வைத்துக்கொண்டால் அதே இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. லேப்டாப்புக்கு இன்னொரு வசதி, அதன் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். டச்பேடு மேலே தூக்கியிருந்தாலும் அதே அர்த்தம்தான். உப்பிய பேட்டரியை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். கத்திரி வெயிலில் அதைச் செருகியே வைத்திருப்பது ஆபத்து.

டெபியன் நிறுவும்போது டெஸ்க்டாப் சூழல் எதையும் தேர்ந்தெடுக்காமல் எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய), அடிப்படைக் கருவிகள் இரண்டை மட்டும் குறியிட்டால் போதும். லேப்டாப் மூடியை மூடியதும் தூங்கிவிடும், லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் (HandleLidSwitch, பெரிய எழுத்துகள் இதே மாதிரி) என்பதை இக்னோர் என்று மாற்ற வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பயாஸில் கரண்ட் திரும்பி வந்ததும் தானே எழும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவையுங்கள்.

டிஸ்க் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. லேப்டாப்போடு 3.5 அங்குல டிஸ்க்கை, அதுதான் 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டிய பெரிய டிஸ்க்கை, சேர்க்காதீர்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்க் மட்டும் செத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். கரண்ட் வந்தபின் டிஸ்க் எழுந்தாலும் லினக்ஸ் அதை வேறொரு புதுப் பெயரில் பார்க்கும், பழைய இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும் 2.5 அங்குல டிஸ்க்தான் லேப்டாப்புக்குத் தோது. நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 35 எம்பி தாண்டாது.

வாங்கும்போதே விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் வரும் டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். ஆனால் யார் எந்த ஃபோல்டரைத் தொடலாம் என்ற அனுமதிக் கணக்கு அதில் நேராக உட்காராது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றுவதே நல்லது. மாற்றினால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பழைய டிஸ்க் என்றால் அதற்கும் முன்னால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 5, 197, 198 என்ற மூன்று வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 197 பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் நகல் எடுப்பதைத் தவிர வேறு வேலை வைக்காதீர்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், சாட்டா கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

டிஸ்க்கை /எஸ்ஆர்வி/மீடியா என்ற இடத்தில் நிரந்தரமாக ஏற்ற எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எஸ்டிபி1 போன்ற பெயரைப் போட்டால், இன்னொரு பென்டிரைவ் செருகிய நாளில் பெயர் மாறிவிடும். பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் யுயுஐடி எண்ணையே, UUID= என்று பெரிய எழுத்தில் தொடங்கி, போடுங்கள். அதே வரியில் 'டீஃபால்ட்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் கமா போட்டு 'நோஃபெயில்' சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், டிஸ்க் கேபிள் சற்று தளர்ந்திருக்கும் நாளில் கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நின்றுவிடும். திரையும் கீபோர்டும் இல்லாத கணினி, நெட்வொர்க்கும் வராது. கணினியே செத்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள்.

நோஃபெயில் போட்டபின் வேறொரு பள்ளம் இருக்கிறது. டிஸ்க் ஏறாமலே கணினி எழுந்தால் /எஸ்ஆர்வி/மீடியா வெறும் ஃபோல்டராக இருக்கும். செல்போனிலிருந்து வரும் படங்கள் அதற்குள், அதாவது 120 ஜிபி உள் எஸ்எஸ்டியில், போய் விழும். அது நிரம்பியதும் எல்லாமே நின்றுபோகும். மறுபடி டிஸ்க்கை ஏற்றினால் அந்தப் படங்கள் அடியில் மறைந்து கண்ணுக்கே தெரியாது. இதற்கு ஒரே வரி மருந்து உண்டு. டிஸ்க் ஏறாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டர்மேல் 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' என்ற கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். பிறகு டிஸ்க் மேலே ஏறும். ஏறாத நாளில் முழு உரிமையுள்ள ரூட் பயனரால்கூட அங்கே எழுத முடியாது. செல்போன் 'பிழை' என்று கத்தும். கத்தட்டும், அப்போதுதான் போய்ப் பார்ப்போம்.

இனி கேபிள். இதில் நம் ஊர் கேபிள் டிவி ஆபரேட்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்பு தரும்போது பல இடங்களில் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிறார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அது போதும், இன்டர்நெட்டும் ஓடும். ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். வீட்டுக்குள் கோப்பு நகர்த்தும்போதுதான் இது உறைக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 11 எம்பி. 500 ஜிபி நகல் எடுக்கப் பன்னிரண்டரை மணி நேரம். ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி. ஒன்றேகால் மணி நேரம். வித்தியாசம் நாலு செம்புக் கம்பி. கணினியில் ஈத்டூல் கட்டளை கொடுத்துப் பாருங்கள். 1000 என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் முனையை வெட்டி மறுபடி போட வேண்டியதுதான். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீலத்தை நடுவில் விட்டுப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நிறம் நிறமாக அடுத்தடுத்து அடுக்கிவிட்டால் சில மீட்டர் தூரத்துக்கு ஓடுவது போலக் காட்டிவிட்டு நீளமான கேபிளில் தடுமாறும்.

கேபிள் வாங்கும்போது சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். விலை பாதி, ஆனால் இரண்டு தடவை வளைத்தால் ஒடியும். உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக் காற்றில் முனையும் சீக்கிரம் கெடும். ஆபரேட்டர் தரும் ஃபைபர் மோடத்தில் நாலு துளை இருந்தாலும் சில மாடல்களில் ஒன்று மட்டுமே ஜிகாபிட். எல்லாம் சரியாக இருந்தும் 100 தாண்டவில்லையென்றால் துளையை மாற்றிச் செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐந்து துளை ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிப் போடுவதே வழி.

வைஃபை போதாதா என்றால், புது வீட்டில் போதும். நெல்லை டவுன், கல்லிடைக்குறிச்சி பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாவில் மோடம் இருந்தால் பட்டாசால் வரை வரும், அடுப்படியில் செத்துவிடும். சுண்ணாம்புக் காரைச் சுவர் அத்தனை தடிமன். டிவிக்கும் சர்வருக்கும் (லினக்ஸ் ஏற்றிய அந்தக் கணினிதான்) மட்டுமாவது கேபிள் இழுத்துவிடுங்கள். செல்போன்கள் வைஃபையிலேயே கிடக்கட்டும்.

சர்வருக்கு மோடத்தில் முகவரிகளை ஒதுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் ஒரு நிலையான முகவரி ஒதுக்க வேண்டும். ஆபரேட்டர் மோடத்தை மாற்றினால் 192.168.1 என்று இருந்தது 192.168.0 ஆகிவிடலாம். அதனால் அவாஹி நிரலையும் போட்டுவைத்தால் கணினியின் பெயரோடு '.லோக்கல்' சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து சாம்பா. நெல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் பக்கம் கார், பிசானம்தானே. விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரும் எஸ்எம்பி மொழியை லினக்ஸுக்குப் பேசக் கற்றுத்தரும் நிரல் இது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இன் கடைசியில் எழுதத் தொடங்கியது. வீட்டுக்கு ஏற்ற அமைப்பு இப்படி: லினக்ஸில் 'குடும்பம்' என்று ஒரு குழு, வீட்டில் ஆளுக்கொரு பயனர், எல்லாரும் அந்தக் குழுவில். மீடியா ஃபோல்டரின் குழுவை 'குடும்பம்' ஆக்கி 2775 அனுமதி கொடுங்கள். முதலில் வரும் அந்த 2, உள்ளே யார் எதை உருவாக்கினாலும் குழு மாறாமல் பார்த்துக்கொள்ளும். சாம்பா கோப்பில் ஃபோர்ஸ் குரூப் அதே பெயர், கிரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 2775. இதை விட்டுவிட்டால் அண்ணன் போட்ட படத்தைத் தங்கை திருத்த முடியாது. அந்தக் கோபத்தில் யாராவது 777 போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள்.

சாம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் தர வேண்டும், லினக்ஸ் கடவுச்சொல் அங்கே செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத விருந்தாளி வழியில் திறந்துவைக்கலாமே என்று தோன்றும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 வெளியீட்டிலிருந்து புரோ பதிப்பும் அதை ஏற்பதில்லை. ஒரே விண்டோஸ் கணினியிலிருந்து இரண்டு பெயரில் ஒரே சர்வருக்குள் நுழைந்தால் 1219 என்ற பிழை வரும். 'நெட் யூஸ் * /டெலிட்' கொடுத்துப் பழைய இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி நுழையுங்கள். அமைப்பைத் திருத்திய ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்பார்ம் கட்டளையால் பிழை பார்த்த பின்பே சாம்பாவை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பழைய ஸ்மார்ட் டிவிகளும் ஆண்ட்ராய்டு பெட்டிகளும் சில எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். அதற்காக சர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாகிரை புழு நுழைந்த வாசல் அதுதான். திறக்காதீர்கள். அந்த டிவிக்கு மினிடிஎல்என்ஏ என்ற சிறு நிரலை ஓட்டினால் போதும், படித்துக்கொள்ளும்.

நெட்வொர்க் வழியாக அழிக்கும் கோப்பு விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே காணாமல்போகும். பேரப்பிள்ளை டெலிட் பொத்தானைத் தட்டினால் கல்யாண ஆல்பம் போயிற்று. சாம்பாவில் 'ரீசைக்கிள்' என்ற இணைப்பு உண்டு. அழித்ததை ஒரு மறைவு ஃபோல்டருக்கு நகர்த்தும். 30 நாள் கழித்து அதைக் காலி செய்ய ஒரு ஃபைண்ட் கட்டளையைப் பலர் போட்டுவைப்பார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பின் தேதி, அழித்த தேதி அல்ல, எடுத்த தேதி. 2014-இல் எடுத்த படத்தை இன்றைக்கு அழித்தால் அன்று இரவே '30 நாள் தாண்டியது' என்று கூட்டித் தள்ளிவிடும். டச் எம்டைம் என்ற அமைப்பை 'யெஸ்' ஆக்கினால்தான் அழித்த நாள் பதியும். டிவிக்கென்று வைக்கும் பயனரை ரீட் லிஸ்டில், அதாவது படிக்க மட்டும் உரிமையுள்ளவர் பட்டியலில், சேர்த்துவிட்டால் ரிமோட்டால் விபத்து வராது.

படம் பார்க்க ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற நிரலிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள். டெபியன் களஞ்சியத்தில் இல்லை, அவர்கள் களஞ்சியத்தையே சேர்த்து நிறுவ வேண்டும். பிரவுசரில் 8096 என்ற போர்ட்டில் திறக்கும். முதல் நாள் எல்லாரும் மாட்டுவது ஒரே இடம்தான்: ஃபோல்டரைக் காட்டினாலும் நூலகம் காலியாக இருக்கும். ஜெல்லிஃபின் தன் பெயரிலேயே ஒரு பயனராக ஓடுகிறது. படங்கள் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்தால் அதற்கு வாசலிலேயே தடை. கோப்புக்கு அனுமதி இருந்தாலும் பாதையில் ஒரு ஃபோல்டர் அடைபட்டிருந்தால் முடிந்தது. 'நேம்ஐ -எல்' கட்டளையில் முழுப் பாதையையும் கொடுத்தால் எந்த வாசல் அடைத்திருக்கிறது என்று படி படியாகக் காட்டும். /எஸ்ஆர்வி என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

பழைய செயலியில் படம் திக்கித் திக்கி ஓடினால் சர்வரைத் திட்டும் முன் ஜெல்லிஃபின் முகப்பில் பாருங்கள். 'டைரக்ட் பிளே' என்றால் கோப்பு அப்படியே போகிறது. பழைய கோர் 2 டுவோவுக்குக்கூட அது தூசு. 'டிரான்ஸ்கோட்' என்றால் சர்வர் உட்கார்ந்து படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். டிவிக்கு டிடிஎஸ் ஒலி புரியாமல் ஒலியை மட்டும் மாற்றினால் சுமை குறைவு. பட வடிவ சப்டைட்டிலை ஆன் செய்ததற்காக முழு வீடியோவையும் மாற்றினால் செயலி நுரை தள்ளும். சப்டைட்டிலை எஸ்ஆர்டி எழுத்துக் கோப்பாக வைத்தால் பெரும்பாலும் தீரும். தமிழ் சப்டைட்டிலைச் சர்வரே படத்தில் பதித்து அனுப்பும்போது கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் (fonts-taml) தொகுப்பைப் போடுங்கள். ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவை வன்பொருளே பிரித்துத் தர இன்டெல் 6-ஆம் தலைமுறை வேண்டும், 10 பிட் என்றால் 7-ஆம் தலைமுறை. அதற்கும் ஜெல்லிஃபின் பயனரை 'ரெண்டர்' குழுவில் சேர்த்தாக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? புதுப் படம் பார்க்க ஓடிடி இருக்கிறது. வீட்டு சர்வரின் அருமை வேறெங்கும் கிடைக்காத பதிவுகளில்தான். கல்யாண விசிடி, சுடலைமாடன் கோவில் கொடையில் எடுத்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்து கேசட், புதுமனைப் புகுவிழா டிவிடி. இவை பீரோவில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிஸ்க் படிக்கும் டிரைவும் இனி புது லேப்டாப்பில் வராது.

விசிடியை லினக்ஸில் சாதாரணமாக நகல் எடுக்கப்போனால் உள்ளீட்டுப் பிழை என்று நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசிடியில் வீடியோ எழுதியிருக்கும் செக்டரின் அளவே வேறு, சாதாரணக் கோப்பு போலப் படிக்க வராது. விசிடி இமேஜர் தொகுப்பிலுள்ள விசிடிஎக்ஸ்ரிப் கருவி அதை எம்பெக் கோப்பாக எடுத்துத் தரும். 352-க்கு 288 புள்ளிகள்தான், 55 அங்குல டிவியில் மங்கலாகத்தான் தெரியும். பெரிதாக்கி மறுபடி சேமிப்பதில் எந்தப் பயனும் இல்லை, உள்ளபடியே வையுங்கள்.

டிவிடியில் விஓபி கோப்புகள் ஒரு ஜிபி ஒரு ஜிபியாக இருக்கும். கல்யாண டிவிடிகளில் பூட்டு இருப்பதில்லை. வரிசையாக ஒட்டி எஃப்எஃப்எம்பெக்கால் தரம் குறையாமல் எம்கேவி ஆக மாற்றலாம். ஒலியை ஏற்க மறுத்தால் அது பெரும்பாலும் டிவிடிக்கே உரிய பிசிஎம் ஒலி. ஒலியை மட்டும் எஃப்எல்ஏசி ஆக்கினால் ஏற்றுக்கொள்ளும், தரமும் போகாது. கீறல் விழுந்த டிஸ்க்குக்கு டிடிரெஸ்கியூ. முதல் சுற்றில் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, முடியாத இடங்களை மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். அதே மேப் கோப்போடு டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டுத் தொடருங்கள். ஒரு டிரைவ் தவறவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது வழக்கம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீளும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட் தாண்டக் கூடாது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். 'திருநெல்வேலி' என்ற சொல்லே 36 பைட். ஏழு திருநெல்வேலி எழுதலாம், எட்டாவதற்கு இடமில்லை. விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு என்பதால் அங்கே வைத்த நீளமான பெயர் சர்வருக்கு வரும்போது மறுக்கப்படும். இரண்டாவது, 'கொடை' என்று பார்க்க ஒரே மாதிரி இரண்டு ஃபோல்டர்கள் நிற்பது. 'கொ'-வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய ஆப்பிள் கணினி வழியாக வந்த பெயர்கள் இரண்டாகப் பிரிந்து வரும். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. கான்வ்எம்வி கருவியை என்எஃப்சி என்ற தேர்வோடு ஓட்டினால் ஒன்றாக்கிவிடும். முதல் தடவை அது என்ன செய்யப்போகிறது என்று காட்ட மட்டும் செய்யும், 'நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் விண்டோஸில் அது புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும், அதையும் தவிருங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்க வேண்டுமென்றால் மோடத்தில் போர்ட் திறக்காதீர்கள், சாம்பாவின் 445-ஐ ஒருபோதும். மோடம் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது மோடத்தின் வெளிப்பக்க முகவரி, 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் திறந்தாலும் பயனில்லை. பல வீடுகளுக்கு ஒரே முகவரியை ஆபரேட்டர் பங்கிட்டிருக்கிறார். உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற நிரலைப் போட்டால் இரண்டும் தீரும்.

கடைசியாக, நகல். இரண்டு டிஸ்க்கை ரெய்டு ஆக, ஒன்றின் பிம்பமாக மற்றது இருக்கும்படி, சேர்த்திருக்கிறோம், போதும் என்பார்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். அது டிஸ்க் சாவுக்குத்தான் மருந்து. வாரம் ஒரு தடவை ஆர்சிங்க் கட்டளையால் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் ஒரே இடியில் இரண்டும் போகும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளில் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி ஓடுகிறதே, அது கடத்தும். அந்தக் கம்பி மோடத்தைத் தொடாதபடி வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இடி தொடங்கினால் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் உருவிவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் தரைத்தளத்து பீரோ, கணினி, ஆல்பம் எல்லாம் ஒரே சேற்றில் கிடந்தன. அதனால் மூன்றாவது நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இருப்பவர்கள் தென்காசியிலோ மதுரையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு 2.5 அங்குல டிஸ்க்கைக் கொடுத்துவைத்து, பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் போகும்போது மாற்றி எடுத்து வரலாம். அந்நியர் கையில் சிக்கினால் என்ன செய்வது என்ற பயம் இருந்தால் அந்த டிஸ்க்கை மட்டும் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிவையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைக்கவும். மறந்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது.

உங்கள் நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' பகுதியில் தங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைப் பார்த்தால், டெஸ்க்டாப் சர்வர் வைத்திருப்பவர்கள் காலை எட்டரைக்கே 'பவர்ஆஃப்' கொடுத்துவிடலாம். இன்வெர்ட்டரில் விட்டுவைப்பவர்கள் பின்பக்கத்துச் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். சாதாரண நிலையில் அது மாறுவதற்குள் கணினி ஒரு தடவை அணைந்து எழும்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை